பச்சை லேசர் மட்டும் ஏன் கண்ணைப் பறிக்கிறது? விமானிகள் பயப்படும் நிறமும், நாம் பயப்பட மறந்த நிறமும்

ஒரே விலை, ஒரே சைஸ், ஒரே திறன். ஆனால் சிவப்பு லேசரைவிட பச்சை லேசர் பல மடங்கு பளிச்சென்று தெரிகிறது. நீலமும் ஊதாவும் மங்கலாக இருக்கின்றன. மங்கலாகத் தெரிவதால் அவை ஆபத்து இல்லாதவையா? இல்லவே இல்லை என்கிறது அறிவியல். விமானி முதல் வீட்டுக் குழந்தை வரை எல்லோரையும் தொடும் இந்த விஷயத்தை விரிவாகப் பார்க்கலாம்.

என்ன நடக்கிறது?

2025 மே மாதம், துபாயிலிருந்து சென்னைக்கு வந்த பயணிகள் விமானம் தரையிறங்கத் தயாரானபோது, பரங்கிமலைப் பக்கமிருந்து விமானத்தை நோக்கி லேசர் ஒளி பாய்ச்சப்பட்டது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. ஆனால் அடுத்த சில வாரங்களில் அதே போன்ற புகார்கள் மீண்டும் வந்தன. விமான நிலையத்தைச் சுற்றி லேசர் அடிக்கக் கூடாது என்று காவல்துறை எச்சரிக்க வேண்டிய நிலை வந்தது.

இது சென்னைக்கு மட்டுமான பிரச்னை அல்ல. அமெரிக்காவில் 2023-ம் ஆண்டு மட்டும் 13,304 லேசர் சம்பவங்களை விமானிகள் புகார் செய்திருக்கிறார்கள். 2024-ல் அது 12,840. அதாவது ஒரு நாளைக்குச் சராசரியாக 35 விமானங்கள். அவற்றில் பெரும்பாலானவை பச்சை நிற லேசர்கள்.

விமானத்தை விடுங்கள், கால்பந்து மைதானத்துக்கு வாருங்கள். 2022 மார்ச்சில் செனகலில் நடந்த உலகக்கோப்பைத் தகுதிப் போட்டி நினைவிருக்கிறதா? எகிப்து நட்சத்திரம் முகமது சாலா பெனால்டி அடிக்க வந்தபோது அவர் முகம் முழுக்கப் பச்சைப் புள்ளிகள். அவர் அடித்த பந்து கோலுக்கு மேலே பறந்தது. செனகல் கால்பந்து சம்மேளனத்துக்கு ஃபிஃபா 1,75,000 சுவிஸ் ஃப்ராங்க் அபராதம் விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, யூரோ கோப்பை அரையிறுதியில் டென்மார்க் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேல் முகத்திலும் பச்சை லேசர்.

2023 பிப்ரவரியில் தென் சீனக் கடலில் சீனக் கடலோரக் காவல் படைக் கப்பல் தங்கள் கப்பல் மீது லேசர் அடித்ததாகவும், ஊழியர்களுக்குச் சற்று நேரம் கண் தெரியாமல் போனதாகவும் பிலிப்பைன்ஸ் குற்றம்சாட்டியது. வெளியான படங்களில் தெரிந்த நிறமும் பச்சைதான்.

எல்லா இடத்திலும் ஏன் பச்சை? சந்தையில் மலிவாகக் கிடைப்பது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் லேசரில் இல்லை. நம் கண்ணில் இருக்கிறது.

கண்ணுக்குப் பிடித்த நிறம் எது?

லேசரின் திறனை மில்லிவாட் கணக்கில் அளப்பார்கள். ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றல் வெளியே வருகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. அதில் நிறத்துக்கு வேலையே இல்லை. 5 மில்லிவாட் சிவப்பும் 5 மில்லிவாட் பச்சையும் கருவிக்கு ஒன்றுதான்.

கண்ணுக்கு அப்படி இல்லை. கண் எல்லா நிறத்தையும் சமமாக நடத்தும் கருவி அல்ல. நம் விழித்திரையில் பகல் வெளிச்சத்தில் வேலை செய்யும் கூம்பு செல்கள் மூன்று வகை. ஒன்று சுமார் 560 நானோமீட்டர் அலைநீளத்தில் அதிகம் தூண்டப்படும். இன்னொன்று 530 பக்கம். மூன்றாவது 420 பக்கம், அதாவது நீல ஊதா.

முதல் இரண்டு வகையும் கிட்டத்தட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள். இரண்டின் எல்லையும் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று படிகிறது. பச்சை ஒளி வந்தால் இரண்டும் சேர்ந்து குரல் கொடுக்கும். 650 நானோமீட்டர் சிவப்பு வந்தால் முதல் வகை மட்டும், அதுவும் அரைகுறையாகத்தான். நீலத்தைப் பார்க்கும் மூன்றாவது வகை செல்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. 'இது என்ன நிறம்' என்று சொல்வதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. 'எவ்வளவு வெளிச்சம்' என்று சொல்வதில் பங்கு ரொம்பக் குறைவு.

இந்த மூன்றின் கூட்டுக் கணக்கைத்தான் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 1924-ம் ஆண்டிலேயே ஒரு வளைகோடாக வரைந்து வைத்தது. மலை போல நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் கோடு அது. உச்சி 555 நானோமீட்டரில், மஞ்சள் கலந்த பச்சையில். வெளிச்சத்தை அளக்கும் உலகப் பொது அலகான கேண்டெலாவுக்கே 1979-ல் இந்த உச்சியை ஒட்டித்தான் வரையறை எழுதினார்கள். அந்த இடத்தில் 1 வாட் ஒளி 683 லூமென் வெளிச்சத்துக்குச் சமம்.

1 மில்லிவாட்டில் யாருக்கு எவ்வளவு?

அந்த வளைகோட்டை வைத்து, கடையில் கிடைக்கும் லேசர்களை ஒப்பிட்டால் இப்படி வரும். எல்லாமே 1 மில்லிவாட் என்று வைத்துக்கொள்வோம்.

• ஊதா, 405 நானோமீட்டர்: சுமார் 0.0004 லூமென்
• நீலம், 445 நானோமீட்டர்: சுமார் 0.02 லூமென்
• பச்சை, 532 நானோமீட்டர்: சுமார் 0.6 லூமென்
• ஆரஞ்சு கலந்த சிவப்பு, 635 நானோமீட்டர்: சுமார் 0.15 லூமென்
• அடர் சிவப்பு, 650 நானோமீட்டர்: சுமார் 0.07 லூமென்
• அகச்சிவப்பு, 808 அல்லது 1064 நானோமீட்டர்: கண்ணைப் பொறுத்தவரை பூஜ்யம்

அதாவது ஒரே திறனில், சாதாரண சிவப்பு பாயிண்டரைவிட பச்சை 8 மடங்கு. நீலத்தைவிட 30 மடங்கு. ஊதாவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்.

இதில் இன்னொரு வேடிக்கை. சிவப்பிலேயே 635-க்கும் 650-க்கும் இடையே வெறும் 15 நானோமீட்டர் வித்தியாசம். வெளிச்சத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம். கடைக்காரர் 'இந்த சிவப்பு கொஞ்சம் பவர் அதிகம் சார்' என்று காட்டும்போது, பவர் கூடியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அலைநீளம் மாறியிருக்கலாம். கட்டட வேலையில் மட்டம் பார்க்கும் லேசர் கருவியில் பச்சைக் கோடு வருகிற மாடலை மேஸ்திரிகள் விரும்புவதற்கும் இதுதான் காரணம். பகல் வெளிச்சத்தில் சிவப்புக் கோடு சுவரில் கரைந்து போகும். பச்சைக் கோடு நிற்கும்.

8 மடங்கு என்றால் 8 மடங்கு பளிச்சென்று தெரியுமா?

தெரியாது. இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை. லூமென் என்பது கண்ணின் உணர்திறனைச் சேர்த்துப் போட்ட கணக்கு. ஆனால் வெளிச்சம் கூடக் கூட, மூளை அதை அப்படியே கூட்டிக் காட்டாது, சுருக்கித்தான் காட்டும். 8 மடங்கு வெளிச்சம் ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்கு பிரகாசமாகத்தான் தோன்றும்.

வேறு சில குழப்பங்களும் உண்டு. லேசர் போன்ற கலப்பில்லாத தூய நிறங்கள், அதே லூமென் கொண்ட வெள்ளை ஒளியைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பளிச்சென்று தோன்றும். நீலத்திலும் சிவப்பிலும் இது அதிகம்.

ஊதா லேசரை வெள்ளைத் தாளில் அடித்துப் பார்த்தவர்கள், 'ஆயிரம் மடங்கு மங்கலா? நல்லா பளபளன்னு நீலமா தெரியுதே' என்று கேட்கலாம். அது தாளின் வேலை. தாளிலும் வெள்ளைத் துணியிலும் வெண்மை கூட்டுவதற்காகச் சேர்க்கும் பொருட்கள் ஊதாவை விழுங்கி, கண்ணுக்கு எளிதில் தெரியும் நீல ஒளியாக வெளியே விடுகின்றன. அதே லேசரை உலோகத்தின் மீது அடித்தால் மங்கலான ஊதாப் புள்ளிதான் தெரியும்.

எல்லோர் கண்ணும் ஒன்றல்ல என்பதும் முக்கியம். சிவப்புக்கான கூம்பு செல் இல்லாத நிறக்குறைபாடு சில ஆண்களுக்கு உண்டு. அவர்களுக்கு 650 நானோமீட்டர் சிவப்புப் புள்ளி மற்றவர்களைவிடப் பல மடங்கு மங்கலாகத் தெரியும். வகுப்பில் ஆசிரியர் சிவப்பு பாயிண்டரால் காட்டும் இடம் கடைசி பெஞ்ச் மாணவர் ஒருவருக்குத் தெரியவே இல்லை என்றால், அவர் கவனிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

இரவில் கணக்கே மாறும்

இதுவரை பார்த்தது பகல் கணக்கு. இருட்டு கூடினால் கூம்பு செல்கள் ஓய்வெடுக்கும், குச்சி செல்கள் வேலைக்கு வரும். குச்சி செல்களுக்கு நிறம் தெரியாது. ஆனால் மங்கலான ஒளியைப் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். அவற்றின் உச்சி 507 நானோமீட்டர். அதாவது பச்சையிலிருந்து நீலத்தை நோக்கி நகர்ந்துவிடும்.

அந்தி சாயும் நேரத்தில் சிவப்புப் பூ கறுத்துப் போய், இலை மட்டும் வெளிறித் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் விஞ்ஞானி புர்கின்யே இதைப் பதிவு செய்தார். இன்றும் அவர் பெயரில்தான் இது அழைக்கப்படுகிறது.

குச்சி செல்களுக்கு 650 நானோமீட்டர் சிவப்பு கிட்டத்தட்ட இருட்டு மாதிரி. அவற்றைப் பொறுத்தவரை 532 பச்சை அந்தச் சிவப்பைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமையானது. இரவில் நட்சத்திரம் பார்ப்பவர்கள் வரைபடத்தைப் பார்க்க சிவப்பு விளக்கு வைத்துக்கொள்வது ஏன் என்று இப்போது புரிகிறதா? சிவப்பு குச்சி செல்களைத் தொந்தரவு செய்யாது. பச்சை அவற்றை ஒரே அடியில் களைப்பாக்கிவிடும். பிறகு இருட்டுக்குப் பழக நிமிடங்கள் ஆகும்.

லேசர் நேராகக் கண்ணில் பட்டால் கூம்பு செல்களும் விழித்துக்கொள்ளும், அங்கே பகல் கணக்குதான் பொருந்தும். ஆனால் ஓரக்கண்ணில் தெரியும் மங்கலான சிதறல் ஒளிக்கு இந்த இரவுக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். இரவு விமானிக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

வானத்தில் கம்பி போலத் தெரிவது ஏன்?

பச்சை லேசரை மொட்டை மாடியில் மேல்நோக்கிப் பிடித்தால், கையிலிருந்து ஒரு பச்சைக் கம்பி வானத்துக்கு நீள்வது போலத் தெரியும். சிவப்பில் அப்படித் தெரிவது அபூர்வம். இதற்கு இரண்டு காரணங்கள் கைகோக்கின்றன.

ஒன்று, மேலே சொன்ன கண்ணின் கணக்கு. இரண்டாவது, காற்று. காற்று மூலக்கூறுகள் குறைந்த அலைநீள ஒளியை அதிகம் சிதறடிக்கும். வானம் நீலமாகத் தெரிவதும் இதனால்தான். 650 சிவப்பைவிட 532 பச்சை காற்றில் இரண்டு மடங்குக்கும் மேல் சிதறுகிறது. இந்த இரண்டும், கண்ணின் 8 மடங்கும் பெருக்கினால், சுத்தமான காற்றில் பச்சைக் கற்றை சிவப்புக் கற்றையைவிடச் சுமார் 18 மடங்கு வெளிச்சமாக இருக்கும். தூசியும் பனியும் இருந்தால் எல்லா நிறமும் சிதறும், வித்தியாசம் குறையும்.

வானியல் ஆர்வலர்கள் பச்சை பாயிண்டரால் 'அதோ அந்த நட்சத்திரம்' என்று காட்டுவது இதனால்தான். விளையாட்டாக விமானத்தை நோக்கி நீட்டத் தூண்டுவதும் இதே கம்பிதான்.

இதில் ஒரு கண்கட்டு வித்தையும் இருக்கிறது. கீழே நிற்பவருக்கு அந்தக் கம்பி ஏதோ ஓர் உயரத்தில் முடிந்துவிடுவது போலத் தோன்றும். 'விமானம் அவ்வளவு உயரத்துல இருக்கு, இது எங்க போய்ப் படப் போகுது' என்று நினைப்பார். கம்பி முடியவில்லை. அவர் கண்ணுக்குத் திரும்பி வரும் சிதறல் ஒளிதான் போதாமல் போகிறது. கற்றை போய்க்கொண்டே இருக்கும்.

போகப் போக அது விரியும். கையில் புள்ளி மாதிரி இருப்பது, சாதாரண பாயிண்டரில் 1 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் அகலம். 3 கிலோமீட்டரில் மூன்று மீட்டர். காக்பிட் கண்ணாடியையே நிரப்பிவிடும் அகலம் அது. கண்ணாடியில் இருக்கும் நுண்ணிய கீறல்கள் அந்த ஒளியைச் சிதறடித்து, முன்னால் ஒரு பச்சைத் திரை போட்டதுபோல ஆக்கிவிடும்.

விமானிக்கு என்ன ஆகும்?

தரையிறங்கும் விமானம் வழக்கமாக 3 டிகிரி சரிவில் இறங்கும். ஓடுபாதைக்கு 3 கிலோமீட்டர் முன்னால் அதன் உயரம் சுமார் 160 மீட்டர்தான். காக்பிட் விளக்குகளைக் குறைத்து வைத்து, விமானிகள் ஓடுபாதை விளக்குகளைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம். கண்ணின் பாவை விரிந்திருக்கும். அந்த நொடியில் லேசர் பட்டால் மூன்று விதமான சிக்கல் வரலாம்.

• கவனச் சிதறல்: திடீர் ஒளியில் திடுக்கிட்டு, வேலையிலிருந்து கவனம் விலகுவது.
• கண்கூச்சம்: ஒளி படும்வரை அதைத் தாண்டி எதுவும் தெரியாமல் போவது.
• தற்காலிகக் குருட்டுத்தன்மை: ஒளி போன பிறகும் கண்ணில் புள்ளி நிற்பது. கேமரா ஃப்ளாஷ் அடித்த பிறகு வருவது போல.

இவை எவ்வளவு தூரம் வரை நடக்கும்? அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பயன்படுத்தும் வரம்புகளை வைத்து, 5 மில்லிவாட் பாயிண்டருக்குக் கணக்குப் போடலாம். கவனத்தைச் சிதறடிக்கும் தூரம் பச்சைக்கு 3 கிலோமீட்டருக்கும் மேல். 650 நானோமீட்டர் சிவப்புக்குச் சுமார் 1.2 கிலோமீட்டர். 445 நானோமீட்டர் நீலத்துக்குச் சுமார் 600 மீட்டர்.

இப்போது இன்னொரு கேள்வி. விழித்திரையைக் காயப்படுத்தும் தூரம்? அதே 5 மில்லிவாட்டுக்கு, கால் நொடியில் இமை மூடிவிடும் என்று வைத்துக்கொண்டால், சுமார் 16 மீட்டர். பச்சைக்கு 16. சிவப்புக்கும் 16. நீலத்துக்கும் 16.

இந்தக் கட்டுரையில் மனதில் வைக்க வேண்டிய ஒரே விஷயம் என்றால் இதுதான். நிறம் மாறினால் கவனம் சிதறும் தூரம் மாறுகிறது. காயப்படும் தூரம் மாறவில்லை. பளிச்சென்று தெரிவது வேறு, ஆபத்து வேறு.

மங்கலாத் தெரிஞ்சா ஆபத்து இல்லைன்னு அர்த்தமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கண்ணுக்குள் வரும் லேசர் கற்றையை, கண்ணின் லென்ஸ் விழித்திரையில் ஊசிமுனை அளவுப் புள்ளியாகக் குவிக்கிறது. அங்கே அதன் செறிவு ஒரு லட்சம் மடங்கு வரை கூடும். அந்தச் சூட்டைத் தீர்மானிப்பது மில்லிவாட்தான், நாம் உணரும் பிரகாசம் அல்ல. 400 முதல் 1400 நானோமீட்டர் வரை எந்த ஒளியும் விழித்திரை வரை போய்ச் சேரும். அதில் சுமார் 700-க்கு மேல் நமக்குத் தெரியவே தெரியாது.

பளிச்சென்ற ஒளி பட்டால் கண் தானாக மூடும், தலை திரும்பும். இயற்கை தந்த காவல் அது. 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட கிளாஸ் 2 லேசர்களைப் பாதுகாப்பானவை என்று சொல்வதே அந்தக் காவலை நம்பித்தான். ஒளி மங்கலாக இருந்தால் காவலாளி தூங்கிவிடுவார். 'என்ன இது, சரியாத் தெரியலையே' என்று மனிதர் இன்னும் உற்றுப் பார்ப்பார்.

ஒரு எளிய கணக்கு. 5 மில்லிவாட் பச்சை லேசர் தரும் அதே வெளிச்சத்தை நீலத்தில் பெற வேண்டுமானால், 150 மில்லிவாட் வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒரே பிரகாசம். ஆனால் விழித்திரைக்குப் போகும் ஆற்றல் 30 மடங்கு. நீல ஒளியை நீண்ட நேரம் பார்த்தால், சூட்டோடு சேர்த்து வேதிமாற்றத்தாலும் விழித்திரை கெடும்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. அதிகத் திறன் கொண்ட நீல நிறக் கையடக்க லேசரால் விழித்திரையின் மையப்பகுதியில் ஓட்டை விழுந்த நோயாளிகளைப் பற்றி சவுதி அரேபியாவின் ரியாத் நகரிலுள்ள கிங் காலித் கண் மருத்துவமனை மருத்துவர்கள் ஆய்விதழில் பதிவு செய்திருக்கிறார்கள். முகம் பார்ப்பதும் எழுத்துப் படிப்பதும் அந்த மையப்பகுதியால்தான்.

பச்சைக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து

பச்சை லேசரிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வில்லன் உண்டு. 532 நானோமீட்டர் பச்சை பாயிண்டர்கள் பல நேரடியாகப் பச்சையை உருவாக்குவதில்லை. முதலில் 808 நானோமீட்டர் அகச்சிவப்பு. அது ஒரு படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டர் அகச்சிவப்பை உண்டாக்கும். இன்னொரு படிகம் அந்த அலைநீளத்தைச் சரிபாதியாக்கினால் 532, பச்சை.

மிச்சமாகும் அகச்சிவப்பை வெளியே விடாமல் தடுக்க ஒரு ஃபில்டர் வேண்டும். மலிவு விலை மாடல்களில் அந்த ஃபில்டர் இருக்காமல் போகலாம். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2010-ல் இப்படியொரு மலிவான பச்சை பாயிண்டரைச் சோதித்தபோது, அதிலிருந்து 20 மில்லிவாட் அளவுக்கு அகச்சிவப்பு வெளியேறுவதைக் கண்டுபிடித்தது. பச்சை மங்கலாக இருக்கிறது, பேட்டரி தீர்ந்துவிட்டது போல என்று உள்ளே எட்டிப் பார்ப்பவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

2013-ல் அதே நிறுவனம் 122 லேசர் பாயிண்டர்களைச் சோதித்தது. அமெரிக்க விதிப்படி 5 மில்லிவாட்டுக்குள் இருக்க வேண்டியவை அவை. பச்சையில் கிட்டத்தட்ட 90 சதவீதமும், சிவப்பில் 44 சதவீதமும் விதியை மீறியிருந்தன. லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 2012 முதல் விமானத்தின் மீது லேசர் அடிப்பது தனிக் குற்றம். 5 ஆண்டுகள் வரை சிறை. பிரிட்டனில் 2018-ல் வந்த சட்டம் விமானம் மட்டுமல்ல, ரயில், கப்பல், கார் ஓட்டுபவர் மீது அடித்தாலும் பொருந்தும். அங்கும் 5 ஆண்டுகள் வரை சிறை. 2008-ல் சிட்னியில் அடுத்தடுத்து விமானங்கள் குறிவைக்கப்பட்ட பிறகு, 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கையடக்க லேசர்களை இறக்குமதி செய்வதற்கு ஆஸ்திரேலியா கட்டுப்பாடு விதித்தது.

இந்தியாவிலும் விமானப் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிப்பது குற்றம்தான். பெருநகரங்களின் காவல்துறை அவ்வப்போது தடை உத்தரவும் போடுகிறது. பிடிப்பது கஷ்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். எந்தக் கம்பி விமானத்தைத் தொடுகிறதோ, அதே கம்பி யார் வீட்டு மாடியிலிருந்து வருகிறது என்பதையும் காட்டிக் கொடுக்கும். அமெரிக்காவில் போலீஸ் ஹெலிகாப்டர் மீது லேசர் அடித்துவிட்டு, அந்த ஹெலிகாப்டரே அடையாளம் காட்டி மாட்டிக்கொண்டவர்கள் பலர்.

ஆனால் இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் 'எங்கே அடிக்கிறாய்' என்பதைத்தான் பார்க்கின்றன. 'என்ன விற்கிறாய்' என்பதுதான் இன்னொரு பாதி. திருவிழாக் கடையிலும் ஆன்லைனிலும் திறன் அளவே குறிப்பிடாமல் விற்கும் லேசர்களைக் கண்ணால் பார்த்து எடைபோட வழியே இல்லை. மங்கலான நீலம் பளிச்சென்ற பச்சையைவிடப் பல மடங்கு வலிமையானதாக இருக்கலாம். அதனால் லேபிளும் சோதனையும் கட்டாயமாக வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• குழந்தைகளுக்கு லேசர் பாயிண்டரை விளையாட்டுப் பொருளாக வாங்கித் தர வேண்டாம். எந்த நிறமாக இருந்தாலும் சரி.
• வகுப்புக்கோ அலுவலகத்துக்கோ தேவை என்றால், கிளாஸ் 2, 1 மில்லிவாட்டுக்குள் என்று தெளிவாக எழுதிய, நம்பகமான தயாரிப்பை வாங்குங்கள். பச்சையாக இருந்தால் 1 மில்லிவாட்டே தாராளம். சிவப்பில் 8 மில்லிவாட் தரும் வெளிச்சத்தை அது தந்துவிடும்.
• அலைநீளமும் திறனும் குறிப்பிடாத லேசரை வாங்காதீர்கள். 'ஹை பவர்' என்ற வார்த்தை விளம்பரம், அளவு இல்லை.
• வெளிச்சம் குறைவாக இருக்கிறதே என்று லேசரின் வாய்க்குள் எட்டிப் பார்க்கவே கூடாது.
• கண்ணாடி, ஸ்டீல் பாத்திரம், பைக் டேங்க் போன்ற பளபளப்பான பரப்பில் அடிக்க வேண்டாம். திரும்பி வரும் கற்றையும் அதே கற்றைதான்.
• வானத்தை நோக்கி, ஓட்டுநரை நோக்கி, விளையாட்டு வீரரை நோக்கி நீட்டவே கூடாது.

உங்கள் கண்ணில் லேசர் பட்டுவிட்டால், உடனே பார்வையை விலக்குங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள். விமானிகளுக்குச் சொல்லித் தருவதும் இதைத்தான். பிறகு கட்டம் போட்ட நோட்டுத் தாளை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். கோடுகள் வளைந்தோ, நடுவில் விடுபட்டோ, மங்கலாகவோ தெரிந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். விழித்திரைக் காயம் பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லை என்பதால் காயம் இல்லை என்று ஆகிவிடாது.

சுருக்கமாக

பச்சை லேசர் பளிச்சென்று தெரிவது, நம் கண் பச்சைக்கு அதிகக் கவனம் கொடுப்பதால். அதனால்தான் சில மில்லிவாட் பச்சை, 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் விமானியைத் திடுக்கிட வைக்கிறது. நீலமும் ஊதாவும் மங்கலாகத் தெரிவது, நம் கண் அவற்றைச் சரியாகக் கவனிக்காததால். அகச்சிவப்பை கவனிப்பதே இல்லை. கவனிக்கவில்லை என்பதற்காக அவை சுடாமல் விடுவதில்லை. அடுத்த முறை யாராவது 'இந்த லேசர் ரொம்ப மங்கல்தான், ஒண்ணும் ஆகாது' என்று நீட்டினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: என்ன நிறம், எத்தனை மில்லிவாட்?